இலக்கை அடைந்த பிறகும் ஏன் மனம் நிறையவில்லை? மூளைக்குள் என்னதான் நடக்கிறது?

மழைத்துளி

எல்லோருக்கும் வணக்கம். நான்கு வருடம் ராப்பகலாக உழைத்து எழுதிய ஆய்வேடு போன மாதம் ஏற்கப்பட்டது. அந்த மின்னஞ்சல் வந்த அன்று அழுதே விட்டேன். மறுநாளும் மிதந்துகொண்டுதான் இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் எழுந்தால் ஒன்றுமே இல்லை. துக்கம் என்று சொல்ல முடியவில்லை, ஒரு வெறுமை. இப்போது மூன்று வாரம் ஆகிறது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அன்றாட வேலைகளும் நடக்கின்றன. ஆனால் எதற்காக இத்தனை நாள் ஓடினேனோ அது கைக்கு வந்த பிறகும் மனம் ஏன் நிறையவில்லை என்று புரியவில்லை.

இணையத்தில் தேடினால் எல்லா இடத்திலும் ஒரே பதில். டோபமைன் மகிழ்ச்சி ரசாயனம், செரோடோனின் நிம்மதி ரசாயனம், ஆக்சிடோசின் அன்பு ரசாயனம், எண்டார்பின் வலியைப் போக்கும் ரசாயனம், நான்கும் சரியாகச் சுரந்தால் மகிழ்ச்சி. அப்படியானால் என் டோபமைன் தீர்ந்துபோய்விட்டதா? இந்தத் துறை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பொறுமையாக விளக்குங்கள், ப்ளீஸ்.


ஏழாம்படி

முதலில் வாழ்த்துகள். நான்கு வருட உழைப்பு சின்ன விஷயம் இல்லை.

எனக்கும் இதே நிலை வந்தது. போன், வீடியோ, விளையாட்டு எல்லாவற்றையும் ஒரு வாரம் முழுசாக நிறுத்தினேன். 'டோபமைன் விரதம்' என்கிறார்கள். ஓயாமல் சுரந்து தேய்ந்துபோன டோபமைன் அந்த ஒரு வாரத்தில் மறுபடி நிரம்பிவிடும். எனக்கு உண்மையிலேயே தெளிவு கிடைத்தது. நீங்களும் முயன்று பாருங்கள்.


நூல்புழு

முதுநிலையில் நரம்பியல் படித்தவன், இப்போது அதையே கற்பிக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'டோபமைன் என்றால் இன்பம்' என்ற பேச்சின் வேர் 1954இல் இருக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலிகளின் மூளைக்குள் மெல்லிய மின்முனையைப் பொருத்தினார்கள். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அந்த இடத்தில் சிறு மின்சாரம் பாயும். எலிகள் விடாமல் அழுத்தின. அப்புறம் நடந்த சோதனைகளில் மணிக்கு ஆயிரக்கணக்கான முறை அழுத்திய எலிகளும் உண்டு. 'இன்ப மையம் கிடைத்துவிட்டது' என்று பேச்சு பரவியது. அந்தப் பாதையில் டோபமைனுக்குப் பெரிய பங்கு இருப்பது பின்னால் தெரியவந்ததும், டோபமைனையும் இன்பத்தையும் ஒன்றாக ஒட்டிவிட்டார்கள்.

ஆனால் அந்த எலிக்கு அது இன்பமாக இருந்ததா? எலி அழுத்தியது, அவ்வளவுதான் கண்ணால் கண்டது. மற்றதெல்லாம் நம் ஊகம்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் எலியின் முகத்தைப் பார்த்தார். நாக்கில் இனிப்பு பட்டால் எலி உதட்டை நக்கும். கசப்பு பட்டால் வாயைப் பிளந்து தலையை உதறும். கைக்குழந்தையின் முகமும் ஏறக்குறைய இப்படித்தான் மாறும். அவருடைய குழு, எலிகளின் டோபமைன் நரம்பணுக்களைக் கிட்டத்தட்ட முழுதாக அழித்துப் பார்த்தது. அந்த எலிகள் தாமாக ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. குழாய் வழியாக ஊட்டாவிட்டால் பட்டினியில் செத்துவிடும். இன்பமே போய்விட்டது என்றுதானே யாருக்கும் தோன்றும்? ஆனால் வாய்க்குள் இனிப்பை விட்டதும், எப்போதும் போல உதட்டை நக்கின.

பிடித்தது. ஆனால் வேண்டும் என்று தோன்றவில்லை.

நம் மொழியில் இதற்கு இரண்டு தனிச் சொற்கள் கைவசம் இருக்கின்றன. 'எனக்குப் பிடிக்கும்' வேறு, 'எனக்கு வேண்டும்' வேறு. பேச்சில் நாம் கலந்துகொள்கிறோம், மூளை கலப்பதில்லை. 'வேண்டும்' என்று நம்மை எழுப்பி ஓடவைப்பதில் டோபமைனுக்குப் பெரும் பங்கு. 'பிடிக்கும்' என்ற சுவை, மூளையே சுரக்கும் ஓபியாய்டு, எண்டோகன்னாபினாய்டு வகை ரசாயனங்களால் மிகச் சிறிய சில இடங்களில் எழுகிறது. எலியின் மூளையில் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதியில் அப்படிப்பட்ட ஓர் இடத்தின் அளவு சுமார் ஒரு கன மில்லிமீட்டர்தான். ஓடவைக்கும் அமைப்பு பெரியது, முரட்டுத்தனமானது. ரசிக்கவைக்கும் அமைப்பு சிறியது, சீக்கிரம் அடங்கிவிடக்கூடியது.

ஏழாம்படி, நீங்கள் சொன்ன பலனை நான் மறுக்கவில்லை. ஆனால் டோபமைன் என்பது காலியாகி மறுபடி நிரம்பும் தொட்டி அல்ல. போனைத் தள்ளி வைத்தபோது, 'எடு, எடு' என்று தூண்டிக்கொண்டே இருந்த குறிகள் உங்கள் கண்ணிலிருந்து மறைந்தன. தெளிவு அதனால் வந்திருக்க வாய்ப்பு அதிகம். விரதம் என்ற பெயர்தான் தப்பு, ஓய்வு நல்லதுதான்.


இரவுப்பறவை

நூல்புழு சொன்னதை நான் வீட்டிலேயே பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். மூளையில் டோபமைன் நரம்பணுக்கள் அழிவதால் வருவது. டோபமைன் போலவே வேலை செய்யும் மாத்திரை ஒன்றைத் தொடங்கினார்கள். நடுக்கம் குறைந்தது, நடை திரும்பியது, நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். சில மாதம் கழித்து, அவர் ராத்திரி முழுக்க ஆன்லைனில் சூதாடுவது தெரியவந்தது. வாழ்நாளில் சீட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காத மனுஷர். 'ஏன்ப்பா, அவ்வளவு பிடிச்சிருக்கா?' என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை என்னால் மறக்க முடியாது: 'பிடிக்கவே இல்லம்மா. ஆனா விட முடியல.'

மருத்துவரிடம் சொன்னதும், இந்த வகை மருந்துகளுக்கு இப்படி ஒரு பக்கவிளைவு உண்டு என்றார். அளவைக் குறைத்து, பிறகு மருந்தையே மாற்றினார். சில வாரங்களில் அந்த வேகம் தணிந்தது. அப்பா இன்னும் அதை நினைத்து வெட்கப்படுகிறார். அவர் குணத்தில் எந்தக் கோளாறும் இல்லை. இந்த மாத்திரை சாப்பிடுகிற யாராவது வீட்டில் இருந்தால், திடீரென்று வரும் சூதாட்டம், அளவில்லாமல் பொருள் வாங்குவது போன்றவற்றைத் தயவுசெய்து கவனியுங்கள். மாறுதல் தெரிந்தால், திட்டாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.


மழைத்துளி

இரவுப்பறவை அக்கா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. அப்பா இப்போது நன்றாக இருப்பார் என்று நம்புகிறேன்.

நூல்புழு சார், பிடிப்பதும் வேண்டுவதும் வேறு என்பது புரிகிறது. ஆனால் எனக்கு முதல் இரண்டு நாள் நன்றாகத்தானே இருந்தது? மூன்றாம் நாள் என்ன ஆயிற்று?


நூல்புழு

அதற்கு இன்னொரு சோதனையைச் சொல்ல வேண்டும். வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். குரங்குக்கு எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தால் அந்த அணுக்கள் படபடவென்று துடித்தன. பிறகு, சாறு வருவதற்கு முன் ஒரு விளக்கை எரியவிட்டுப் பழக்கினார்கள். இப்போது அணுக்கள் விளக்குக்குத் துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வரவில்லை என்றால், சரியாகச் சாறு வர வேண்டிய அந்தக் கணத்தில் வழக்கத்துக்கும் கீழே அடங்கின.

1997இல் பீட்டர் டயான், ரீட் மாண்டேக் இருவரோடும் சேர்ந்து அவர் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். இந்தத் துடிப்பு 'எவ்வளவு கிடைத்தது' என்பதைச் சொல்வதில்லை. 'எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் எவ்வளவு வித்தியாசம்' என்பதைத்தான் சொல்கிறது. அதை வைத்து மூளை அடுத்த முறைக்குக் கற்றுக்கொள்கிறது.

குரங்கின் பழச்சாற்றிலிருந்து உங்கள் நான்கு வருடத்துக்கு நேராகப் பாலம் போட முடியாது. இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். ஆய்வில் ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்திருக்கும், அல்லது மோசமாக வந்திருக்கும். அடுத்தது என்ன என்ற இழுப்பு நான்கு வருடமும் உங்களை நகர்த்திக்கொண்டே இருந்தது. ஆய்வேடு ஏற்கப்பட்டதும் அந்த இழுப்பு மொத்தமாக நின்றுவிட்டது. எதுவும் தீர்ந்துபோகவில்லை, அந்த அமைப்புக்கு இப்போது வேலை இல்லை. என் மாணவர்கள் பலரிடம் இதே மூன்றாம் நாளைப் பார்த்திருக்கிறேன்.


கடற்காகம்

இதற்குப் பேர்போன ஆராய்ச்சி ஒன்று உண்டே! லாட்டரியில் பெரிய தொகை வென்றவர்களும், விபத்தில் உடல் செயலிழந்தவர்களும், கொஞ்ச காலத்தில் ஒரே அளவு மகிழ்ச்சிக்குத் திரும்பிவிட்டார்கள் என்று படித்தேன். மனிதன் எதற்கும் பழகிவிடுவான். அதனால் மழைத்துளி கவலைப்பட வேண்டாம், மூளை எப்படியும் தன் நிலைக்குத் திரும்பிவிடும்.


தாமரைக்குளம்

கடற்காகம், அந்தக் கட்டுரையை நான் முழுசாகப் படித்திருக்கிறேன். அது சொல்வது அது இல்லை. இந்தத் தவறு பல இடங்களில் பரவியிருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1978இல் பிலிப் பிரிக்மனும் இரண்டு சக ஆய்வாளர்களும் வெளியிட்டது. லாட்டரி வென்றவர்கள் 22 பேர், விபத்தில் உடல் செயலிழந்தவர்கள் 29 பேர், ஒப்பிடுவதற்கு 22 பேர். 5க்கு எத்தனை என்ற அளவுகோலில், இப்போதைய மகிழ்ச்சிக்கு லாட்டரி வென்றவர்கள் சராசரியாக 4.00 என்றார்கள். ஒப்பீட்டுக் குழு 3.82. இந்த இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. விபத்துக்குள்ளானவர்கள் 2.96. அது தெளிவாகவே குறைவு. எதிர்பார்க்கும் அளவுக்குப் பாதாளத்தில் இல்லை என்பது மட்டும்தான் வியப்பு. ஒரே அளவு என்று அந்தக் கட்டுரையில் எங்கும் இல்லை.

பிற்காலத்தில் பல வருடம் ஒரே ஆட்களைத் தொடர்ந்து கேட்டுவந்த ஆய்வுகளிலும், கடுமையான உடல் ஊனத்துக்குப் பிறகு வாழ்க்கைத் திருப்தி முழுதாகப் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்றுதான் தெரிந்தது. 'எல்லாவற்றுக்கும் பழகிவிடுவார்கள்' என்று சொல்லிவிட்டால், உண்மையில் கஷ்டப்படுகிறவரை நாம் கைவிட்டது போல ஆகும். என் வேலை மனநல ஆலோசனை, இந்த வாக்கியத்தால் காயப்பட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கட்டுரையில் மழைத்துளிக்குப் பொருந்துகிற இன்னொரு செய்தி இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு போன்ற சாதாரண விஷயங்களில் லாட்டரி வென்றவர்களுக்குக் கிடைத்த சுகம், மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. பெரிய உச்சத்துக்குப் பக்கத்தில் சின்னவை வெளிறிப்போகின்றன.

மழைத்துளி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். முன்பு பிடித்தவை இப்போது செய்தால் பிடிக்கிறதா? அல்லது செய்தாலும் ஒன்றும் தோன்றவில்லையா? யோசித்துப் பதில் சொல்லுங்கள், அவசரமில்லை.


கடற்காகம்

திருத்தியதற்கு நன்றி அக்கா. இத்தனை வருடம் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு மூன்று பேருக்கு ஆறுதலாகவும் சொல்லியிருக்கிறேன். அவர்களிடம் மறுபடி பேச வேண்டும்.


வெண்புறா

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். செரோடோனின் பற்றி யாராவது சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு ஒன்றரை வருடமாக மாத்திரை எடுக்கிறேன். செரோடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு என்பது பொய் என்று 2022இல் நிரூபித்துவிட்டதாக ஒரு காணொளி பார்த்தேன். நான்கு நாளாக மாத்திரையை நிறுத்திவிட்டேன். தலை சுற்றுகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. பழைய நோய் திரும்புகிறதா என்று பயமாக இருக்கிறது.


தாமரைக்குளம்

வெண்புறா, முதலில் இதைச் செய்யுங்கள்: உங்கள் மருத்துவருக்கு இன்றே போன் செய்து, நான்கு நாளாக நிறுத்திவிட்டேன், இப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

இந்த வகை மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், அழுகை, எரிச்சல், தூக்கக் கேடு வரும். மருந்து விலகுவதால் வருவதா, நோய் திரும்புகிறதா என்பதை வீட்டில் உட்கார்ந்து நாமே முடிவு செய்ய முடியாது. நிறுத்த விரும்பினால் நிறுத்தலாம், அது உங்கள் உரிமை. ஆனால் அளவைப் படிப்படியாகக் குறைத்து, மருத்துவர் துணையோடு.

2022இல் ஜோஹன்னா மான்கிரீஃப் குழு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு உண்மைதான். செரோடோனின் குறைவுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்குச் சீரான சான்று இல்லை என்றார்கள். ஆனால் நோய்க்குக் காரணம் எது என்பது ஒரு கேள்வி, மருந்து உதவுகிறதா என்பது வேறொரு கேள்வி. அந்தத் தொகுப்பு ஆராய்ந்தது முதல் கேள்வியை. இந்த மருந்துகள் செரோடோனினை மாற்றுவது சில மணி நேரத்தில் நடக்கிறது, மனநிலை தேறுவதற்கோ சில வாரம் பிடிக்கிறது. வெறும் குறைவை நிரப்புவது என்றால் அன்றே தேற வேண்டும். ஆகவே அந்த எளிய கதை போதாது என்பது துறையில் நெடுநாளாகத் தெரிந்ததுதான்.


நூல்புழு

ஒரு வரி சேர்க்கிறேன். உடலின் செரோடோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது, அது மூளைக்குள் நுழைய முடியாது. எண்டார்பினும் அப்படித்தான். ரத்தத்தில் ஓடும் எண்டார்பின், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை எளிதில் தாண்டாது. ஓட்டத்துக்குப் பின் வரும் அந்தப் பரவசத்துக்கு எண்டோகன்னாபினாய்டுதான் காரணமாக இருக்கலாம் என்று இப்போது கருதுகிறார்கள். எண்டார்பினும் ஓபியாய்டு வகைதான். அந்த வகை ரசாயனங்கள் போய் ஒட்டும் ஏற்பிகளை மருந்தால் அடைத்துவிட்டு ஓடவைத்தபோதும் அந்தப் பரவசம் வந்தது. ஒரு ரசாயனத்துக்கு ஓர் உணர்ச்சி என்று பட்டியல் போடுவதை விட்டுவிடுங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.


வெண்புறா

போன் செய்தேன். மறுபடி தொடங்கச் சொன்னார், அடுத்த வாரம் நேரில் பேசலாம் என்றார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. நன்றி.


மழைத்துளி

தாமரைக்குளம் அக்கா, நீங்கள் கேட்டதை இரண்டு நாள் கவனித்தேன். நேற்று தோழி வற்புறுத்தி நடக்கக் கூட்டிப்போனாள். கிளம்பவே பிடிக்கவில்லை, செருப்பு போடுவதற்குள் நூறு சாக்கு. ஆனால் போன பிறகு நன்றாக இருந்தது, இரண்டு முறை வாய்விட்டுச் சிரித்தேன். திரும்பி வந்ததும் மறுபடி அதே வெறுமை. அப்படியானால் எனக்குப் பிடிப்பது போகவில்லை, வேண்டும் என்று தோன்றுவதுதான் போயிருக்கிறதா?


தாமரைக்குளம்

அப்படித்தான் தெரிகிறது. சிரிக்க முடிந்தது என்பதைக் கேட்க நிம்மதியாக இருக்கிறது. எதிலுமே ஒன்றும் தோன்றாத நிலை பெரும்பாலான நாட்களில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது வாழ்வதே வீண் என்று தோன்றினால், காத்திருக்காமல் நேரில் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

இப்போதைக்கு இரண்டு விஷயம். ஒன்று, 'தோன்றினால் செய்வேன்' என்று காத்திருக்காதீர்கள். செய்தால்தான் தோன்றும். 1996இல் நீல் ஜேக்கப்சன் குழு மனச்சோர்வுக்கான சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தது. எண்ணங்களை மாற்றும் பயிற்சி இல்லாமல், செயல்களை நாளில் திரும்பக் கொண்டுவரும் பகுதி மட்டுமே, முழு சிகிச்சைக்கு ஈடாகப் பலன் தந்தது. உங்கள் தோழி அறியாமலே அதைத்தான் செய்திருக்கிறாள்.

இரண்டு, 'வெறுமை' என்ற சொல்லோடு நிற்காதீர்கள். மேத்யூ லீபர்மன் குழுவின் 2007 ஆய்வில், உணர்ச்சி பொங்கும் முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது பயம் போன்ற உணர்ச்சிகளில் பங்குள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் கொதிப்பு குறைந்தது, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதியில் ஓரிடம் கூடுதலாக வேலை செய்தது. நம்மிடம் வருகிறவர்கள் 'மனசு சரியில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன! ஏக்கமா, சலிப்பா, ஆற்றாமையா, மனத்தாங்கலா, பரிதவிப்பா, களைப்பா? ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. களைப்புக்கு ஓய்வு, மனத்தாங்கலுக்கு ஒரு பேச்சு. ராத்திரி நான்கு வரி எழுதிப் பாருங்கள்.


இரவுப்பறவை

தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாவோடு கண் விழித்த மாதங்களில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன், நான் கெட்டவளாகிவிட்டேன் என்றே நினைத்தேன். ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காதவர்களின் அமிக்டலா, மனதைக் குலைக்கும் படங்களுக்குச் சுமார் 60 சதவீதம் அதிகமாகக் கொதித்தது என்ற 2007 ஆய்வைப் பிறகுதான் படித்தேன். மூளையின் முன்பகுதியோடு அதற்கு இருந்த பிணைப்பும் தளர்ந்திருந்தது. அன்றைக்கு என்னை நானே மன்னித்தேன்.


ஏழாம்படி

நூல்புழு, தொட்டி இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். தியானம்? எட்டு வாரத்தில் மூளையின் வடிவமே மாறும் என்கிறார்களே?


நூல்புழு

அப்படிச் சொன்ன சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் 2022இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டேவிட்சனின் சொந்த ஆய்வகமே பெரிய அளவில் சோதித்து, எட்டு வாரப் பயிற்சியால் மூளை அமைப்பில் மாற்றம் தெரியவில்லை என்று வெளியிட்டது. தியானத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை கொண்டவர்கள், தங்களுக்கு எதிரான முடிவை மறைக்காமல் சொன்னார்கள். எனக்கு அவர்கள் மேல் மதிப்பு கூடியது. மனம் அமைதியானால் தொடருங்கள், ஸ்கேனில் தெரிய வேண்டும் என்று அவசியமில்லை.

மழைத்துளிக்கு ஒன்று. 'இப்போது மகிழ்ச்சியாக இருக்கிறேனா' என்று அடிக்கடி சோதித்துப் பார்க்காதீர்கள். ஐரிஸ் மாஸ் குழு 2011இல் ஒன்று செய்து பார்த்தது. மகிழ்ச்சி எவ்வளவு முக்கியம் என்று எழுதிய ஒரு கட்டுரையைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு ஒரு மகிழ்ச்சியான படக்காட்சியைக் காட்டினார்கள். அதைப் படிக்காதவர்களைவிட இவர்களுக்கு அந்தக் காட்சி குறைவாகவே மகிழ்ச்சி தந்தது. 'இன்னும் அதிகமாகத் தோன்ற வேண்டுமே' என்ற ஏமாற்றம் குறுக்கே வந்துவிட்டது.


மழைத்துளி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். தினமும் நான்கு வரி எழுதினேன். முதல் மூன்று நாளும் 'வெறுமை' என்றுதான் வந்தது. நான்காம் நாள் 'சலிப்பு' என்று எழுதி அடித்தேன். ஆறாம் நாள், ஆய்வகத்தில் என் பக்கத்து மேசையில் இருந்தவள் சோதனை முடிவு வரும்போதெல்லாம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என் பக்கம் வருவது ஞாபகம் வந்தது. அன்று 'பிரிவு' என்று எழுதினேன். எழுதியதும் நன்றாக அழுதேன்.

எனக்குப் பிடித்தது அந்த மின்னஞ்சல் இல்லை போல. அந்த அறை, அந்த வாக்குவாதங்கள், அவள் தள்ளிக்கொண்டு வரும் நாற்காலியின் சத்தம். ஆய்வேடு முடிந்த அன்று நான் அதையெல்லாம் விட்டு வந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை.

நேற்று அவளுக்குப் போன் செய்தேன். அவளுடைய ஆய்வேட்டில் இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கியாம். சனிக்கிழமை போய் உட்கார்ந்து அவள் எழுதியதைப் படித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.